மூன்றாம் ஓலை

தேவானந்தத்துக்கு ஆம்பூரில் எதிரிகளே கிடையாது. நாற்பத்து மூன்று வயதாகியும் கல்யாணம் செய்துகொள்ளாத ஒருவரைப் பற்றி ஊர் என்னென்னவோ பேசலாம். பேசவில்லை. "அவரு கர்த்தரோட ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தவரு" என்று சபையில் யாரோ எப்போதோ சொல்லி வைக்க, அதுவே நிலைத்துவிட்டது. அவர் ஒப்புக்கொடுக்கவும் இல்லை, யாரும் வந்து வாங்கிக்கொள்ளவும் இல்லை. ஆனால் கேட்கிறவர்கள் தாங்களாகவே ஒரு நல்ல பதிலைச் செய்து எடுத்துக்கொண்டு போகும்போது அதை மறுத்துச் சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்? வார நாட்களில் ஷூ கம்பெனியில் ஏற்றுமதிக் காகித வேலை. சனி ஞாயிறுகளில் சபைச் செயலாளர் வேலை. பதினோரு வருடமாகச் சபைப் பதிவேடுகளில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. அதைச் சொல்லிக் காட்டும்போது மட்டும் அவருக்கு லேசாகப் பெருமை வரும்.

2007 பிப்ரவரி முதல் சனிக்கிழமை மத்தியானம், ஜெயம்மாள் தன் மகள் ஃபீபியையும் வரப்போகிற மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சபை அலுவலகத்துக்கு வந்தாள். ஜெயம்மாளுக்குக் காலுக்கு முன்னால் வாய் உள்ளே வரும்.

"தேவா தம்பி, ஓல குடுக்க வந்திருக்கோம். நாளைக்கே மொதல் ஓல படிச்சிடணும். பத்தொம்பதாந் தேதி கல்யாணம். அத வுட்டா லெந்து வந்துடும், அப்புறம் ஈஸ்டர் முடிஞ்சாத்தான்."

கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு தொடர்ந்து ஆராதனையில் மாப்பிள்ளை பெண் பெயரை வாசித்து, இதற்குத் தடை ஏதாவது இருப்பது யாருக்காவது தெரியுமா என்று சபையைக் கேட்க வேண்டும். அதைத்தான் ஓலை வாசிப்பது என்பார்கள். வாசிப்பவர் செயலாளர். ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலம்தான் லெந்து; அந்த நாற்பது நாளும் அந்தச் சபையில் கல்யாணம் கிடையாது. லெந்து தொடங்குகிற சாம்பல் புதன் அந்த வருடம் இருபத்தொன்றாம் தேதி வந்ததால், ஜெயம்மாள் கணக்குப்படி ஒரு ஞாயிறைக்கூட வீணாக்க முடியாது. மூன்றாம் ஓலைக்கு மறுநாளே கல்யாணம்.

ஃபீபி சிரித்துக்கொண்டு நின்றாள். தேவானந்தத்திடம் ஞாயிறு பள்ளியில் படித்த பெண். இப்போது வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்குப் பின்னால் குனிந்து நிலையைத் தாண்டி வந்தவன் நிமிர்ந்தான். தேவானந்தம் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். மூடி இறுகி எத்தனையோ நேரம் ஆகியும் விரல் நிற்கவில்லை.

ஜெஸ்டன் என்ற பெயரை அவர் ஜெயம்மாள் நீட்டிய படிவத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அதுவரை அவருக்குத் தெரிந்த பெயர் 'சால்ட் லைட்'. முகம் மட்டும் நன்றாகத் தெரியும். போன வருடம் வேலூரில் ஒரு லாட்ஜில் மூன்று மத்தியானங்கள் பக்கத்தில் பார்த்த முகம்.

"வணக்கம் சார்," என்றான் ஜெஸ்டன், தரையைப் பார்த்து.

"வணக்கம்ப்பா. உக்காருங்க," என்றார் தேவானந்தம், படிவத்தைப் பார்த்து.

படிவத்தில் எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. மாப்பிள்ளை ராணிப்பேட்டை சபையைச் சேர்ந்தவன். அந்தச் சபையின் சம்மதக் கடிதம் இல்லை. கேட்டால், "அவங்க சபை ஆயரு ஊர்ல இல்ல தம்பி, ரெண்டு மூணு நாள்ல வந்துடும்," என்றாள் ஜெயம்மாள். கடிதம் கைக்கு வராமல் ஓலை இல்லை என்பது அந்தச் சபையின் விதி. அதைக் கமிட்டியில் எழுதி நிறைவேற்றியவரே தேவானந்தம்தான். போன வருடம் ஒரு கமிட்டி உறுப்பினர் வீட்டுக் கல்யாணத்துக்கே அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இன்று அவருக்கு வேண்டியதெல்லாம் இந்த மூன்று பேரும் அறையை விட்டுப் போக வேண்டும், உடனே போக வேண்டும்.

"பரவால்ல. நாளைக்குப் படிச்சிடலாம்," என்றார்.

ஜெயம்மாள் அவரை ஆசீர்வதித்துவிட்டுப் போனாள்.

அந்த மூன்று மத்தியானங்களைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வேலூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. பிளைவுட் தடுப்பு, அழுக்குத் திரை, ஒரு ஆள் மட்டும் உட்காருகிற அறைகள். ஆம்பூரிலும் பிரவுசிங் சென்டர் உண்டுதான். ஆனால் அங்கே பக்கத்து அறையில் சபை வாலிபர் சங்கத் தலைவன் உட்கார்ந்திருப்பான், அவன் என்ன பார்க்கிறான் என்பது வேறு கதை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, பேராயர் அலுவலகத்தில் வேலை என்று சொல்லிக்கொண்டு தேவானந்தம் வேலூர் பஸ் ஏறுவார். அரட்டை அறையில் அவர் பெயர் 'ஹம்பிள் 64'.

அந்த அறைக்கு வருகிறவர்கள் வயது கேட்பார்கள், ஊர் கேட்பார்கள், பிறகு வெளியே சொல்ல முடியாததைக் கேட்பார்கள். தேவானந்தம் மட்டும், "நீங்க சர்ச்சுக்குப் போவீங்களா?" என்று கேட்பார். பாதிப் பேர் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். அவருக்கு அது ஒரு சல்லடை மாதிரி. சபைக்குப் போகிறவன் ரகசியம் காப்பான், மரியாதையாக நடந்துகொள்வான், எல்லாவற்றுக்கும் மேலாகச் சுத்தமானவனாக இருப்பான். இப்படி ஒரு கணக்கு. சால்ட் லைட் தயங்காமல் பதில் போட்டிருந்தான்: "கொயர்ல பாடறேன். டெனர் வாய்ஸ்."

முதல் தடவை சந்தித்த அன்று இருவரும் ஒரு ஹோட்டலில் பிரியாணி சாப்பிட்டார்கள். மத்தியானக் கூட்டம். எதிரே உட்கார்ந்தவன் இலையில் கை வைப்பதற்கு முன் கண்ணை மூடி, உதடு அசைய, அவசரமில்லாமல் ஜெபம் செய்தான். சப்ளையர் தயிர்ப் பச்சடியோடு காத்துக்கொண்டு நின்றான். தேவானந்தமும் கண்ணை மூடினார். திறந்தபோது அவருக்கு இருந்த பயமெல்லாம் போய்விட்டது. அவர் பையின் உள் ஜிப்பில் ஒரு ஆணுறை பாக்கெட் இருந்தது. கம்பெனியில் எய்ட்ஸ் விழிப்புணர்வு முகாம் நடத்தியவர்கள் எல்லோர் கையிலும் திணித்துவிட்டுப் போனது. அன்றும் சரி, அடுத்த இரண்டு தடவையும் சரி, அது ஜிப்புக்குள்ளேயே இருந்தது. சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ணுகிற பையனுக்கு என்ன நோய் இருக்கப்போகிறது? அந்தப் பையனும் எதிரே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து அதையேதான் நினைத்திருப்பான்.

பின்னால் இதை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசும். லேப் ரிப்போர்ட் இல்லாமல் ஒரு பெட்டி ஷூவைக்கூடக் கப்பலேற்ற விடாத மனிதர்! எந்தத் தோலில் எந்தக் கெமிக்கல் எவ்வளவு என்று காகிதத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். அவர் பிரியாணிக்கு முன்னால் ஒரு நிமிடம் மூடிய கண்ணை நம்பினார்.

அக்டோபருக்குப் பிறகு சால்ட் லைட் அரட்டைக்கு வரவில்லை. டிசம்பரில் தேவானந்தத்துக்கு இடுப்பைச் சுற்றி அக்கி கண்டது. டாக்டர் அவர் முகத்தைப் பார்க்காமல், "எதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க" என்றார். அரசு ஆஸ்பத்திரியில் நம்பிக்கை மையம் என்று ஒரு சின்ன அறை. அங்கே ஆலோசகராக இருந்தவர் பில்கிஸ் என்ற பெண்மணி. பெயர் வேண்டாம், நம்பர் போதும் என்று சொல்லி ரத்தம் எடுக்கச் சொன்னார். டிசம்பர் பதினெட்டாம் தேதி முடிவை அவர்தான் சொன்னார். சொல்லிவிட்டு, தேவானந்தம் அழுது முடிக்கிறவரை ஃபேனை மட்டும் ஒரு சுற்றுக் குறைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இப்ப மருந்து இருக்கு சார். இலவசமாவே குடுக்கறாங்க. ஒழுங்கா வந்தீங்கன்னா ரொம்ப வருஷம் நல்லா இருக்கலாம். ஒண்ணே ஒண்ணு, நீங்க யாரு கூட இருந்தீங்களோ அவங்களுக்குத் தெரியணும். அவங்களும் டெஸ்ட் எடுக்கணும்."

"யார்கிட்டேர்ந்து வந்துச்சுன்னு..."

"அத தேடாதீங்க. அது உங்களுக்கும் தெரியப்போறதில்ல, எனக்கும் தெரியப்போறதில்ல. சொல்றது மட்டும்தான் நம்ம கையில இருக்கு."

"பேரே தெரியாது மேடம். ஐடிதான்."

"ஐடிக்கு மெசேஜ் போடலாமே சார்."

போடலாம்தான். பிளைவுட் அறையில் உட்கார்ந்து நான்கு தடவை டைப் செய்தார், நான்கு தடவையும் அழித்தார். அந்தப் பையன் இதைப் படித்தால் தன்னைப் பற்றி என்ன நினைப்பான் என்பதுதான் அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. அவன் உயிர் அதற்கு அடுத்தபடியாகத்தான் ஞாபகம் வந்தது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பெயர் தெரியாதவனை எங்கே போய்த் தேடுவது என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். இப்போது பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, வீட்டு விலாசம் எல்லாமும் போட்டோவோடு அவர் மேஜைக்கே வந்து சேர்ந்துவிட்டது.

மறுநாள் முதல் ஓலையை வாசித்தார். குரல் நடுங்கவில்லை. வாசித்துவிட்டுச் சபையைக் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டு, வழக்கம்போல ஐந்து எண்ணுகிற நேரம் நிறுத்தினார். பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் ஃபீபி தலையைக் குனிந்துகொண்டாள், கல்யாணப் பெண்கள் எல்லோரும் குனிவது மாதிரி. யாரும் எதுவும் சொல்லவில்லை. தடை தெரிந்த ஒரே ஆள் மைக்குக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை வேலூர் போய் சால்ட் லைட்டுக்கு ஒரு வழியாக மெசேஜ் அனுப்பினார். அந்த ஐடியே இப்போது இல்லை என்று வந்தது. கல்யாணம் நிச்சயமானதும் அழித்திருப்பான். படிவத்தில் போன் நம்பர் இருந்தது. எடுத்தார், வைத்தார். அம்மா எடுத்தால் என்ன சொல்வது? தங்கை எடுத்தால்? அந்த வாரம் பூராவும் அவர் என்னதான் செய்தார் என்று கேட்டால், வெட்கப்பட்டார். அதுவே அவருக்கு முழுநேர வேலையாக இருந்தது. சோறு போட்டுக்கொள்ளும்போது வெட்கம், ஷூ பெட்டிகளுக்கு நம்பர் போடும்போது வெட்கம், சவரம் செய்யக் கண்ணாடியைப் பார்த்தால் வெட்கம். இரண்டாம் ஞாயிறும் வந்தது. இரண்டாம் ஓலையையும் வாசித்தார்.

ஆராதனை முடிந்ததும் ஃபீபி பத்திரிகையோடு வந்தாள். மேலே 'தேவானந்தம் அண்ணா' என்று அவளே அழகாக எழுதியிருந்தாள்.

"அண்ணா, கல்யாணத்துல வேதபாடம் நீங்கதான் வாசிக்கணும். ஆயர் ஐயாகிட்ட சொல்லிட்டேன்."

"நான் எதுக்கும்மா? உங்க மாமா யாராச்சும்..."

"மாமா வாசிச்சா ஒரே பேஜாரு. பாதி முழுங்கிடுவாரு. நீங்க வாசிச்சா ஒரு எழுத்து தப்பாது." சிரித்தாள். "சின்ன வயசுலேர்ந்து உங்க கொரல கேட்டுத்தான் பழக்கம். அன்னைக்கும் அதுவே இருக்கட்டும்."

தேவானந்தம் சரி என்று தலையாட்டினார். வீட்டுக்கு வந்து பத்திரிகையை மேஜைமேல் வைத்துவிட்டு, சாப்பிடாமல், சட்டையைக்கூடக் கழற்றாமல் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். இந்தப் பெண்ணுக்கு நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தன்னையே கேட்டார். அதுவரை கேட்டதெல்லாம், எனக்கு என்ன ஆகும் என்பதுதான்.

செவ்வாய்க்கிழமை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு ராணிப்பேட்டை போனார். ஜெஸ்டன் ஒரு கெமிக்கல் யூனிட்டின் லேபில் வேலை பார்ப்பதாகப் படிவத்தில் இருந்தது. மத்தியானம் இரண்டரைக்கு ஷிப்ட் விட்டது. காற்றில் மூக்கை அரிக்கிற நெடி. கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றவரைப் பார்த்ததும் ஜெஸ்டனின் முகம் வெளுத்தது. கூட வந்தவர்களிடம் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு, அவரைத் தாண்டிப்போய் பஸ் நிழற்குடையில் நின்றான். தேவானந்தம் பின்னால் போனார்.

"இன்னா வேணும் சார் உங்களுக்கு?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். "எங்கூர்வரைக்கும் வந்துட்டீங்க. போட்டோ கீட்டோ எடுத்து வச்சிருக்கீங்களா?"

"அப்படியெல்லாம் இல்லப்பா."

"அப்ப இன்னா? எல்லாத்தையும் வுட்டுட்டேன் நான். ஐடிய அழிச்சிட்டேன். நீங்க பாட்டுக்கு நீங்க இருங்க, நான் பாட்டுக்கு நான் இருக்கேன். ஒரு வார்த்த பேசாம ஓல படிச்சீங்களே, அப்பவே கையெடுத்துக் கும்பிட்டேன் உங்கள."

அந்தக் கும்பிடு தேவானந்தத்தைச் சுட்டது. நிழற்குடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெஸ்டன், எனக்கு டெஸ்ட் எடுத்தாங்க. டிசம்பர்ல. ஹெச்ஐவி இருக்கு."

ஒரு டேங்கர் லாரி போனது. ஜெஸ்டன் நிழற்குடையின் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்தான்.

"நான் குடுத்தனா, நீங்க குடுத்தீங்களா?"

"தெரியாதுப்பா. தெரிஞ்சுக்கவும் முடியாதாம். உனக்கு ஒண்ணும் இல்லாமகூட இருக்கலாம். ஆனா நீ டெஸ்ட் எடுக்கணும். கல்யாணத்துக்கு முன்னாடி எடுக்கணும்."

"உங்களுக்கு முன்னாடி ஒருத்தரு இருந்தாரு," என்றான் ஜெஸ்டன் மெதுவாக.

"அவரும் சர்ச்சா?"

"இல்ல. ஆனா ரொம்ப டீசன்ட்."

வேறு சமயமாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள். ஜெஸ்டன் கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தான். இருபத்தொன்பது வயது. பத்திரிகையில் அச்சடித்திருந்த பட்டம், வேலை எதுவும் அந்த முகத்தில் இல்லை.

"வேலூர்ல ஒரு மேடம் இருக்காங்க. நான் கூட்டிட்டுப் போறேன். பேருகூட கேக்கமாட்டாங்க. ஒரே நாள்ல சொல்லிடுவாங்க," என்றார் தேவானந்தம்.

"சொன்னப்புறம்? இன்னும் ஆறு நாள்தான் சார் இருக்கு. இருக்குன்னு வந்தா, இன்னான்னு சொல்லி நான் நிறுத்துவேன்? ஊர்ல யாரு என்னப் பத்திப் பேசப் போறாங்க? பொண்ணுக்கு இன்னாவோ கோளாறுன்னுதான் பேசுவாங்க. இல்லன்னு வந்தா..." நிறுத்தினான். "இல்லன்னு வந்தா நான் ஒண்ணுமே சொல்லாம தாலி கட்டிடுவேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும். ஃபீபி நல்ல பொண்ணு சார். எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லுது. நான்தான்..." உதட்டைக் கடித்தான். "எனக்கு டைம் வேணும். ஆறு நாள்ல என்னால முடியாது."

தேவானந்தம் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்க சபைக் கடிதம் எப்ப குடுத்தாங்க?" என்று கேட்டார்.

"போன செவ்வாக்கிழம. ஏன்?"

"மொதல் ஓல அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழம படிச்சேன். கடிதம் இல்லாம படிச்சா அது செல்லாது. மறுபடி எண்ணணும். மூணாவது ஓல இருபத்தஞ்சாந் தேதிக்குப் போயிடும். அப்ப லெந்து வந்துடும். ஈஸ்டர் முடியறவரைக்கும் கல்யாணம் இல்ல."

ஜெஸ்டன் நிமிர்ந்து பார்த்தான். "எல்லாரும் உங்கள கிழிச்சிடுவாங்களே சார்."

"தப்பு என்னோடதுதானே. பொண்ணு மேல யாரும் கொற சொல்லமாட்டாங்க. நீ மட்டும் இந்த ரெண்டு மாசத்த வீணாக்கிடாத. அவகிட்ட சொல்லிடு."

புதன்கிழமை காலையில் ஆயர் ரத்தினசாமியிடம் போய்ப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். ஆயர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.

"தேவா, நீயா? ஒனக்கு இன்னா ஆச்சு?"

"கவனிக்கலங்கய்யா."

"கவனிக்கலயா? ஹாலுக்குச் சொல்லி, ஊரெல்லாம் பத்திரிக குடுத்து... பேராயர்கிட்ட விசேஷ அனுமதி கேக்கலாம். மாப்பிள்ள வீட்டுலேர்ந்து ஒரு விண்ணப்பம் வந்தா போதும்."

விண்ணப்பம் வரவில்லை. விதி என்றால் எல்லாருக்கும் விதிதான், ஈஸ்டருக்கு அப்புறமே வைத்துக்கொள்ளலாம் என்று ஜெஸ்டன் போனில் சொல்லிவிட்டான். ஜெயம்மாள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிறவரைகூடப் பொறுக்கவில்லை. கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டருகே போய் நின்றுகொண்டாள்.

"பதினோரு வருஷமா ஊருக்கெல்லாம் சட்டம் பேசினியே, எம்பொண்ணு கல்யாணத்துக்கு மட்டும் கண்ணு அவிஞ்சி போச்சா? புள்ள குட்டி இருந்தா தெரியும் ஒனக்கு. ஒத்தக் கட்ட!"

சபையே பார்த்துக்கொண்டு நின்றது. தேவானந்தம் வேதப் புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு, தலை குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். உண்மையைச் சொன்னால் அவருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. திட்டு வாங்க வேண்டும் என்று இரண்டு மாதமாக உள்ளே எதுவோ ஏங்கிக்கொண்டிருந்தது. இந்த வெட்கத்தை வெளிச்சத்தில் நின்று படலாம். கமிட்டி கூடி, லெந்து முடிவதற்குள் செயலாளர் பொறுப்பை வேறு ஒருவரிடம் கொடுக்கச் சொன்னது. அதிலும் இரண்டு பேர், "வேல ஜாஸ்தி, பாவம், நல்ல மனுஷன்" என்று அவருக்காகப் பரிந்து பேசினார்கள். திட்டியதை விட அதுதான் அவரை அறுத்தது.

ஆயரைப் பார்த்ததற்கு மறுநாள், வியாழக்கிழமை, அவர் ஜெஸ்டனை பில்கிஸ் மேடத்தின் அறை வாசல்வரை கூட்டிக்கொண்டு போனார். உள்ளே போகும்போது ஜெஸ்டன், "நீங்க போயிடுங்க சார்," என்றான். காத்திருக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினான். அதற்குப் பிறகு ஒரு மாதம் எந்தத் தகவலும் இல்லை. தேவானந்தமாகப் போய்க் கேட்கவும் இல்லை. கேட்கத் தனக்கு என்ன உரிமை என்று ஒரு நாளும், கேட்டால் பதில் என்னவாக இருக்குமோ என்று மறுநாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

மார்ச் மூன்றாவது சனிக்கிழமை. அலுவலகத்தில் பதிவேடுகளை வருஷவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார், புதுச் செயலாளரிடம் ஒப்படைக்க. ஃபீபி தனியாக வந்தாள். டியூட்டி முடித்து நேராக வந்திருக்கிறாள். கொண்டையில் நர்ஸ் வலை அப்படியே இருந்தது. உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"ஜெஸ்டன் எல்லாத்தையும் சொல்லிட்டாரு அண்ணா."

தேவானந்தத்தின் கையிலிருந்த பதிவேடு மேஜையில் இறங்கியது. அதன் தூசியைத் துடைத்தார்.

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். அம்மாகிட்டகூட. பயப்படாதீங்க." குரல் சமமாக இருந்தது. வார்டில் நோயாளியிடம் பேசுகிற குரல். "சிடி4 பாத்தாங்களா உங்களுக்கு? எதிர்ப்பு சக்தி எவ்வளவு இருக்கு?"

"பாத்தாங்கம்மா. நானூத்திப் பத்து. இப்ப மருந்து வேணாம், ஆறு மாசத்துக்கு ஒருக்கா வரச் சொன்னாங்க."

"தேதி தவறாம போங்க. காய்ச்சல், இருமல்னு வந்தா கடையில மாத்திர வாங்காதீங்க."

"சரிம்மா." பதிவேட்டைத் தள்ளி வைத்தார். "தம்பிக்கு... ரிசல்ட்டு..."

"அத நான் சொல்லமாட்டேன். அது அவரோடது."

"கல்யாணம்?"

"அது எங்களோடது."

தேவானந்தம் தலையாட்டினார். நியாயம்தான். இந்தப் பெண் தன்னிடம் எதைக் கேட்பாள் என்று ஒரு மாதமாக அவர் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். எப்படி உங்களால் இப்படி இருக்க முடிந்தது என்பாள். ஆண்டவருக்குப் பயப்படவில்லையா என்பாள். இரண்டுக்கும் பதில் வைத்திருந்தார். முதல் கேள்விக்கு, நான் பிறந்ததிலிருந்து இப்படித்தானம்மா. இரண்டாவதற்கு, பயந்தேன், பயந்து பயந்துதான் இங்கே வந்து நிற்கிறேன்.

ஃபீபி இரண்டையும் கேட்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். உங்களுக்கு டெஸ்ட் எடுத்தது எப்ப?"

அவர் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். இப்போது வார்டுக் குரல் போய்விட்டிருந்தது.

"டிசம்பர்னு நீங்க சொன்னதா ஜெஸ்டன் சொல்றாரு. நான் இல்லன்னேன். பயத்துல அவரு தப்பா கேட்டிருப்பாரு. ரெண்டாவது ஓலைக்கு அப்புறம் டெஸ்ட் எடுத்திருப்பாங்க, தெரிஞ்ச ஒடனே ஓடி வந்து சொல்லியிருப்பாரு, தேவானந்தம் அண்ணா எனக்கு அப்படிச் செய்யமாட்டாருன்னு அவருகிட்ட சண்டையே போட்டேன். அப்படித்தானே அண்ணா?"

ஒரு தலையாட்டல் போதும். பில்கிஸ் மேடத்தின் அறையில் பெயர்கூடக் கிடையாது, வெறும் நம்பர். யாரும் போய்ப் பார்க்கப் போவதில்லை. ஃபீபி அதைத்தான் கேட்டுக்கொண்டு நிற்கிறாள் என்பதும் அவருக்குத் தெரிந்தது. தன்னைப் பற்றி அவளிடம் மிச்சமிருந்த ஒரு நல்ல எண்ணம், அதையாவது விட்டு வைத்தால் என்ன என்று ஆசையாக இருந்தது. அந்த ஆசை யாருக்காக என்று யோசித்தபோது அவர் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"டிசம்பர்தாம்மா," என்றார். "பதினெட்டாந் தேதி."

ஃபீபி அவரையே பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தார், அழவில்லை. கைப்பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள்.

"அப்ப தெரிஞ்சேதான் படிச்சீங்களா?"

"ஆமாம்மா."

"ரெண்டு தடவையும்?"

"ரெண்டு தடவையும்," என்றார் தேவானந்தம்.